முருங்கைக் கிளையும் பேர் மாத்தாத பாலிசியும்

போன வாரம் எங்க ஆபீஸ்ல கூட வேலை பாக்குற அக்கா ஒரு பழைய கார் வாங்கியிருக்கறதா சொன்னாங்க. இன்சூரன்ஸ் என்னக்கா ஆச்சுன்னு கேட்டேன், "அதெல்லாம் அடுத்த மார்ச் வரைக்கும் லைவ்ல இருக்காம்மா"ன்னு சொன்னாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நான் சொன்ன அதே வார்த்தை. அன்னைக்கு ராத்திரி உக்காந்து எழுத ஆரம்பிச்சதுதான் இது. நடுவுல தோட்டத்துப் பூச்சி பத்தியும் வரும், ஏன்னா எனக்கு ரெண்டும் ஒரே ராத்திரியில ஒண்ணா வந்து சேந்துச்சு, பிரிச்சுச் சொல்ல முடியாது.

எங்க வீடு மதுரைக்குப் பக்கத்துல ஒத்தக்கடை தாண்டி, வாசல்ல நின்னா யானைமலை நேரா தெரியும். அஞ்சு சென்ட்ல வீடு போக மிச்ச இடத்துல ஒரு தென்னை, ஒரு முருங்கை, கொய்யா, செம்பருத்தி, ரெண்டு மல்லிகைச் செடி, சீசனுக்குக் கொஞ்சம் கத்தரி வெண்டை. காரு ஆசைக்கு வாங்குனது இல்ல. எங்க அத்தைக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போயி வாரத்துக்கு ரெண்டுவாட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியிருந்துச்சு, ஆட்டோவுல ஏறி இறங்கவே அவங்களால முடியல, ஸ்கூட்டியில உக்காரவும் முடியாது. எங்க வீட்டுக்காரர் வேலை பாக்குறது ஓசூர்ல, மாசத்துக்கு ஒருவாட்டிதான் வருவார், அதனால ஓட்டுறதுல இருந்து பேப்பர் வேலை வரைக்கும் எல்லாம் நான்தான்.

2024 தை மாசம், 2016 மாடல் வேகன்ஆர், டிஎன் 58 நம்பர், ஒரே ஓனர், 2 லட்சத்து 85 ஆயிரம். தெரிஞ்ச மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டுப் போயி இன்ஜின், டயரு, அடித்தகடு எல்லாம் பாத்தோம். நானும் அரசாங்கத்தோட பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டுப் பாத்தேன், லோன் பாக்கி இல்ல, இன்சூரன்ஸ் செப்டம்பர் வரைக்கும் இருக்குன்னு காட்டுச்சு. புரோக்கரும் ஃபுல் கவர்மா, பயப்படாதீங்கன்னார். ஓனர் பேரை மாத்துறதுக்கான ஃபாரம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கி ஆர்டிஓ ஆபீஸ்ல குடுத்தாச்சு. மாசி கடைசியில ஆர்சி என் பேர்ல கைக்கு வந்துச்சு. எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சு அந்தக் கவரை பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். பாலிசி பேப்பரைப் பிரிச்சு யார் பேர்ல இருக்குன்னுகூட பாக்கல.

காரை நிப்பாட்ட வீட்டுல இருந்த ஒரே நிழல் முருங்கைமரத்தடி.

அந்த மரத்துல கொஞ்ச நாளாவே ஒண்ணு கண்ணுல பட்டுக்கிட்டு இருந்துச்சு. தண்டுலயும் பெரிய கிளை பிரியிற கவட்டையிலயும் பட்டைக்கு மேல பழுப்புக் கலர்ல, மரத்தூளும் நூலும் சேத்துத் திரிச்ச மாதிரி கோடு கோடா ஓடும். நான் கரையான்னு முடிவு பண்ணிட்டேன். கரையானுக்கு என்ன பண்ணுவோம், சொரண்டி விட்டுட்டு வேப்பெண்ணெய் தடவுவோம், அடியில சுண்ணாம்பு அடிப்போம், அதையே பண்ணேன். பத்து நாள் கழிச்சு அதே இடத்துல திரும்பவும் கோடு. திரும்பவும் சொரண்டுனேன். காய்ப்பு நல்லா இருந்ததால மரத்துக்கு ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டேன், அந்த வருசம் கொத்துக் கொத்தா காய் தொங்குச்சு.

சித்திரைத் திருவிழா முடிஞ்சு அழகர் மலைக்குத் திரும்பிப் போயி ரெண்டு வாரம் இருக்கும், கோடை மழை ஒண்ணு புழுதிக் காத்தோட வந்துச்சு. ராத்திரி ஒம்பதரை மணிக்கு டமார்னு சத்தம். டார்ச் எடுத்துட்டு ஓடிப் பாத்தா காயோட இருந்த பெரிய கிளை அப்படியே கவட்டையில பிஞ்சு காரு மேல கெடக்கு. முன் கண்ணாடி முழுக்க வலைப்பின்னலா விரிசல், பானட் அமுங்கிருச்சு, கூரையில பள்ளம், எடது பக்கக் கண்ணாடி தொங்குது. அத்தை திண்ணையில நின்னு அழுகுறாங்க. எனக்கு அந்த நேரத்துல ஒரே ஆறுதல், நல்லவேளை ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கேங்கறதுதான்.

காலையில கம்பெனிக்குப் போன் போட்டேன். கிளையை எடுக்காம எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வச்சேன், அது சரியாத்தான் பண்ணிருக்கேன். மறுநாள் சர்வேயர் வந்தார், மரியாதையான மனுசர், எல்லாம் எழுதிக்கிட்டு கடைசியா ஆர்சியும் பாலிசியும் கேட்டார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, "ஆர்சி உங்க பேர்ல இருக்கும்மா, பாலிசி இன்னும் பழைய ஓனர் பேர்லயே இருக்கு, இது கஷ்டம்"னு சொன்னார். எட்டு நாள்ல லெட்டர் வந்துருச்சு, கிளைம் இல்லைன்னு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேரா இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேன்கிட்ட போறதாத்தான் இருந்தேன். அதுக்கு எழுதுறதுக்காக பாலிசி பேப்பரை மொத முறையா முழுசா படிச்சேன். அப்பதான் புரிஞ்சுச்சு, நான் போனாலும் நிக்காதுன்னு. விசயம் இதுதான், கொஞ்சம் மெதுவா படிங்க.

நம்ம பாலிசியில ரெண்டு பாதி இருக்கு. ஒண்ணு தேர்ட் பார்ட்டி, நம்ம காரால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு. இன்னொண்ணு ஓன் டேமேஜ், நம்ம காருக்கே ஆகுற சேதத்துக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 157-வது பிரிவு, வண்டி கை மாறுனா இன்சூரன்ஸும் கூடவே மாறுனதா எடுத்துக்கணும்னு சொல்லுது. ஆனா அது தேர்ட் பார்ட்டி பாதிக்கு மட்டும்தான். ஓன் டேமேஜ் தானா மாறாதுன்னு 1996-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிருச்சு. அது கம்பெனிக்கும் பாலிசி எடுத்த ஆளுக்கும் நடுவுல உள்ள ஒப்பந்தம், வாங்குனவர் 14 நாளைக்குள்ள கம்பெனிக்கு எழுதிக் குடுத்து தன் பேருக்கு மாத்திக்கணும். நான் மாத்தல. இதுல எனக்கு ரொம்ப வலிச்சது என்னன்னா, காரை வித்தவரும் கேக்க முடியாது, ஏன்னா காரு அவரோடது இல்ல. நானும் கேக்க முடியாது, ஏன்னா பாலிசி என்னோடது இல்ல. செப்டம்பர் வரைக்கும் கட்டுன அந்தப் பணம் ரெண்டு பேருக்கும் உதவாம நடுவுல நின்னுருச்சு. ஆப்ல பச்சையா காட்டுறதும் பாலிசி உயிரோட இருக்குன்னுதான் சொல்லும், யாருக்காக இருக்குன்னு சொல்லாது.

பில்லு எவ்வளவுன்னா, முன் கண்ணாடி பொருத்துக் கூலியோட 6,800, பானட் புதுசு பெயிண்ட்டோட 11,500, கூரைக்கு டிங்கரிங் பெயிண்ட் 9,000, சைடு கண்ணாடி 2,200, மொத்தம் 29,500 ரூபா. முழுசும் கையில இருந்து போச்சு. பாலிசி என் பேர்ல இருந்திருந்தாலும் முழுசா வந்திருக்காதுங்கறதையும் சொல்லிடறேன், நெறைய பேரு அதை நம்பிக்கிட்டு இருக்காங்க. கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டாங்க. இரும்புப் பாகத்துக்கு வண்டி வயசு அஞ்சு முதல் பத்து வருசமா இருந்தா 40 சதவீதம் கழிப்பாங்க, பிளாஸ்டிக் ரப்பருக்குப் பாதி, பெயிண்ட் பொருள் செலவுல பாதி, அப்புறம் 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்குக் கட்டாயமா ஆயிரம் ரூபா நம்ம பங்கு. எல்லாம் கழிச்சாலும் எனக்கு இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல வந்திருக்கும். தேய்மானம் கழிக்காம குடுக்குற ஜீரோ டெப்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதைப் பெரும்பாலும் அஞ்சு வயசு வரைக்கும் உள்ள வண்டிக்குத்தான் குடுக்குறாங்க, என் காருக்குக் கேட்ட எடத்துல எல்லாம் இல்லைன்னுட்டாங்க.

அதுக்கப்புறம் பேரை மாத்துனேன். சோலி ரொம்ப இல்ல. புது ஆர்சி காப்பி, 29, 30 ஃபாரம் காப்பி, பழைய பாலிசி, வித்தவர் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்த ஒரு கடுதாசி, என்னோட ஆதார், ஒரு விண்ணப்பம், அம்புட்டுதான். சேதமான வண்டிங்கறதால ரிப்பேர் முடிஞ்ச பிறகு ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போனாங்க. மாத்துற கட்டணம் ரொம்பக் கொஞ்சம். அதோட என்சிபி, அதாவது நோ கிளைம் போனஸ், வித்தியாசம்னு எழுநூறு ரூபா சொச்சம் வாங்குனாங்க. இது என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கிளைம் பண்ணாம இருக்குற வருசத்துக்கு ஏத்த மாதிரி 20, 25, 35, 45, 50 சதவீதம்னு தள்ளுபடி ஏறிக்கிட்டே போகும். அது காருக்குக் குடுக்குற சலுகை இல்ல, ஆளுக்குக் குடுக்குறது. வித்தவர் அஞ்சு வருசம் நல்லா ஓட்டி 50 சதவீதம் வச்சிருந்தார், அது அவரோட போயிரும். அவர் கம்பெனியில ஒரு சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கிட்டா மூணு வருசத்துக்குள்ள வாங்குற அடுத்த காருக்குப் போட்டுக்கலாம். காரை விக்கிறவங்க இதைக் கேட்டு வாங்குங்க, நம்ம ஊர்ல பாதிப்பேருக்கு இது தெரியாம சும்மா விட்டுடறாங்க.

செப்டம்பர்ல ஆன்லைன்ல ரெனியூ பண்ணும்போது அந்த 50 சதவீதம் தானாவே கட்டத்துல வந்து நின்னுச்சு. பிரீமியம் கம்மியா தெரியும், கை அரிக்கும். ஓகே குடுத்துறாதீங்க. நமக்கு இல்லாத தள்ளுபடியை இருக்குன்னு சொன்னதா ஆகும், நாளைக்கு கிளைம்னு போனா அதையே காரணமா காட்டுவாங்க. நான் பூஜ்யம்னு மாத்திப் போட்டேன். அப்புறம் ஐடிவி, அதாவது பாலிசியில வண்டிக்குப் போடுற மதிப்பு. அஞ்சு வயசு தாண்டுன வண்டிக்கு அதை நம்மளும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்றது, ஸ்கிரீன்ல 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு எறக்குனா பிரீமியத்துல ஐந்நூறு அறுநூறு மிச்சம் காட்டுது. வண்டி திருடு போனாலோ முழுசா நொறுங்குனாலோ அந்த ஒண்ணு இருபதுதான் வரும். நான் அன்னைய மார்க்கெட் விலைக்குப் பக்கத்துல 2 லட்சத்து 40 போட்டேன்.

தேர்ட் பார்ட்டி ரேட்டு அரசாங்கம் வைக்கிறது, எல்லாக் கம்பெனியிலயும் ஒண்ணுதான். நான் கட்டும்போது 1000 சிசி வரைக்கும் 2,094, அதுக்கு மேல 1500 வரைக்கும் 3,416, அதையும் தாண்டுனா 7,897, இதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. பழைய காருக்கு எதுக்கு ஃபுல்லு, வெறும் தேர்ட் பார்ட்டி போதும்னு என் தம்பி சொன்னான். நான் ஒத்துக்கல. வெறும் தேர்ட் பார்ட்டின்னா பொதுவா நம்ம கார்ல கூட உக்காந்து வர்றவங்க அதுல வரமாட்டாங்க. அத்தையைக் கூட்டிட்டுப் போறதுக்குன்னே வாங்குன காரு, பின் சீட்ல அவங்க இருக்காங்க, அதை எப்படி விடுறது. ஓட்டுற ஓனருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கே, அதுவும் பாலிசி பழைய ஆள் பேர்ல இருந்தவரைக்கும் எனக்கு இல்ல. அந்த நாலு மாசம் தினமும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்த நெரிசல்ல ஓட்டிருக்கேன், நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

தம்பி பத்திச் சொன்னதால இதையும் சொல்லிடறேன். அவன் பழைய காரை சிவகங்கைக்கார ஒருத்தருக்கு வித்துட்டு, அவரே ஆர்சி மாத்திக்குவார்னு சாவியைக் குடுத்துட்டு வந்துட்டான். ஆர்சியில பேரு இருக்குறவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈடு அவர் தலையிலதான் விடியும்னு உச்ச நீதிமன்றம் 2018-ல சொன்னதைக் காட்டுன பிறகுதான் பதறி அடிச்சு ஓடுனான். விக்கிறவங்களும் உள்ளூர் மாநிலத்துக்குள்ளன்னா 14 நாள்ல ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்தணும்.

இப்ப மரத்துக்கு வர்றேன். கிளையை அறுத்து எடுக்கும்போதுதான் பாத்தேன், பிஞ்ச கவட்டையில விரல் நுழையிற அளவுக்கு ஓட்டை, உள்ளுக்குள்ள சுரங்கம் மாதிரி போகுது. கரையான்னா மண்ணு இருக்கணும்ல, இதுல மண்ணே இல்ல. அந்தக் கட்டையை ஒரு துண்டு டிபன் பாக்ஸ்ல போட்டு எடுத்துட்டு, பக்கத்துலதானே இருக்குன்னு ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்குப் போனேன். பூச்சி பாக்குறவங்க ஒரு நிமிசத்துல சொல்லிட்டாங்க, இது பட்டை தின்னுற புழு. பகல்ல ஓட்டைக்குள்ள ஒளிஞ்சுக்கும், ராத்திரி வெளிய வந்து அந்த நூல் கூட்டுக்கு அடியிலயே மேஞ்சு பட்டையைத் தின்னும். நான் மேல உள்ள கூட்டை மட்டும் சொரண்டிக்கிட்டே இருந்திருக்கேன், உள்ள இருந்த புழுவை ஒருநாளும் தொடல. கூட்டைச் சுத்தமா எடுத்துட்டு, ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிச்சு, மண்ணெண்ணெய்ல நனைச்ச பஞ்சை உள்ள திணிச்சு, மேல களிமண்ணு வச்சு அடைக்கணும். கரையானுக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க, கூட்டை விரல்ல நசுக்கிப் பாருங்க. மண்ணா உதிர்ந்தா கரையான். பட்டைத்தூளும் புழுக்கையும் நூல்ல ஒட்டிக்கிட்டு வந்தா புழு.

முருங்கையை ஒடிச்சு வளக்கணும்னு எங்க அப்பாயி சொல்லிக்கிட்டே இருக்கும், நான் காய்க்குதேன்னு ஆசைப்பட்டு மூணு வருசமா கை வைக்காம விட்டிருந்தேன். இந்தவாட்டி காய் முடிஞ்சதும் இடுப்பு உயரத்துக்கு வெட்டி, வெட்டுன எடத்துல சாணியும் களிமண்ணும் குழைச்சு அப்பி விட்டேன்.

முருங்கை போனதும் நிழலுக்குக் காரைத் தென்னை மரத்தடிக்கு மாத்துனேன். அங்க வேற கதை. நாலே நாள்ல காரு மேல எல்லாம் பிசுபிசுன்னு, சர்க்கரைத் தண்ணியைத் தெளிச்ச மாதிரி, வைப்பரைப் போட்டா கண்ணாடி இன்னும் மோசமா மங்குது. ரெண்டு வாரத்துல அந்தப் பிசுபிசுப்புல கருப்பா புகை படிஞ்ச மாதிரி வந்துருச்சு. மேல பாத்தா ஓலைக்கு அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையா சுருள் சுருளா கோலம் போட்ட மாதிரி இருக்கு. சுருள் வெள்ளை ஈ. 2016-ல பொள்ளாச்சி பக்கம் மொதல்ல கண்டது, இப்ப எங்க தெருவுல இது இல்லாத தென்னையே இல்ல. அது சாறை உறிஞ்சிட்டு இனிப்பா கழிவு விடும், அதுல கரும்பூசணம் வளரும். என் கொய்யா இலையிலயும் அதே கருப்புதான்.

மருந்துக்கடையில போனதுமே ஒரு ரசாயன மருந்தை எடுத்து நீட்டுனாங்க. நான் வாங்கல, கல்லூரியிலயே வேண்டாம்னு சொல்லி அனுப்பிச்சிருந்தாங்க. இந்த ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வச்சு அதைக் கொல்லுற ஒரு சின்னக் குளவி தோட்டத்துக்குத் தானா வந்து சேரும், மருந்து அடிச்சா மொதல்ல சாகுறது அந்தக் குளவிதான். நான் பண்ணது: மோட்டார் போட்டு ஓஸ் பைப்பால ஓலைக்கு அடியில படுற மாதிரி வேகமாத் தண்ணி அடிச்சேன், வாரத்துக்கு ரெண்டு நாள். மஞ்சள் பிளாஸ்டிக் சீட்டுல விளக்கெண்ணெய் தடவித் தண்டுல சுத்திக் கட்டுனேன், காலையில பாத்தா ஈ அப்படியே ஒட்டியிருக்கும். கொய்யாவுல இருந்த கருப்புக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியா காச்சி ஆறவச்சு அடிச்சேன், வெயில்ல காஞ்சதும் கருப்பையும் சேத்து உரிச்சுக்கிட்டு ஏடு ஏடா விழுந்துருச்சு. காருக்கு மட்டும் அந்த வேலை காமிக்காதீங்க, அன்னன்னைக்கு வெறும் தண்ணி ஊத்திக் கழுவுங்க, காய விட்டா பெயிண்ட்ல கறை நிக்குது.

வேப்பெண்ணெய் எல்லாரும் அடிக்கிறாங்க, பாதிப்பேரு கலக்குறது தப்பு. தண்ணியில நேரா ஊத்துனா மேல மிதக்கும், எண்ணெய் பட்ட இலை கருகும், படாத இலையில பூச்சி நல்லா இருக்கும். மொதல்ல 5 மில்லி எண்ணெயோட கொஞ்சம் காதி சோப்புக் கரைசலைச் சேத்து நல்லா அடிச்சுப் பால் மாதிரி வெள்ளையாக்கிட்டு, அப்புறம்தான் ஒரு லிட்டர் தண்ணி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, இலைக்கு அடியில. மதுரை வெயில்ல காலையில பத்து மணிக்கு அடிச்சுட்டு செடி வாடிருச்சுன்னு வேப்பெண்ணெயைத் திட்டுறதுல நியாயம் இல்ல.

செம்பருத்தியில மாவுப்பூச்சி வந்தப்ப நான் பண்ண ஒரு தப்பையும் சொல்லணும். வெள்ளையா கம்பளி போத்துன மாதிரி பெருசா ஒண்ணு வேகமா ஓடிக்கிட்டு இருந்துச்சு, இதுதான் தாய்ப்பூச்சின்னு நெனச்சு தேடித் தேடி நசுக்குனேன். அது மாவுப்பூச்சியைத் தின்னுற பொறிவண்டோட புழு. மாவுப்பூச்சி பைய நகரும், இது விறுவிறுன்னு ஓடும், அதை வச்சு அடையாளம் தெரிஞ்சுக்கலாம். அப்புறம் எறும்பு. மாவுப்பூச்சி விடுற இனிப்புக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும், பொறிவண்டை அண்ட விடாது. எறும்பு ஏறுற எடத்துல தண்டைச் சுத்தித் துணியைக் கட்டி கிரீஸ் தடவுனேன், ஒரு மாசத்துல பொறிவண்டே மிச்சத்தைப் பாத்துக்கிச்சு.

வெட்டுன முருங்கை தழைச்சு, கார்த்திகை மழையில கம்பளிப்பூச்சி தண்டுல அடை அடையா வந்து உக்காந்துச்சு. எதுத்த வீட்டுத் தாத்தா தீப்பந்தம் கொண்டாந்தார், காலங்காலமா அப்படித்தான். பத்தடியில பெட்ரோல் காரு நிக்கிது, நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம்னுட்டேன். பகல்ல அதுக கூட்டமா ஒரே எடத்துலதான் இருக்கும், ராத்திரிதான் மேய ஏறும். அதனால முழுக்கை சட்டை, கையுறை போட்டு, பழைய வெளக்குமாத்தால சோப்புத் தண்ணி வாளிக்குள்ள வழிச்சுத் தள்ளிட்டேன். மூணு நாள் தொடர்ந்து பண்ணேன்.

இப்ப காருக்கு வாசல் பக்கம் தகரக் கொட்டகை போட்டாச்சு. போன செப்டம்பர்ல என் பேர்ல மொத முறையா 20 சதவீதம் என்சிபி வந்துச்சு. அந்த அக்காவுக்குக் காலையிலேயே போன் பண்ணிக் கேட்டேன், ஆர்சி மாறி இன்னைக்கு ஒம்பதாவது நாளாம். மத்தியானம் லஞ்ச் நேரத்துல ரெண்டு பேரும் போயி விண்ணப்பத்தைக் குடுத்து, சீல் போட்ட காப்பியைக் கையில வாங்கிட்டு வந்தோம்.